கொட்டாங்கச்சி எண்ணெய்

"இதோ பாருங்க கார்ப்பரலையா, அடுப்புக்குப் பின்னாலே ஒளிச்சு வெச்சிருக்கான்!"

தாயம்மா விறகை விலக்கினாள். ஒரு கொட்டாங்கச்சி. அது நிறையச் சிவப்பாக எண்ணெய். கருவாட்டுக் குழம்பின் மேலே மிதந்ததை வழித்து எடுத்தது.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கை அப்படியே நின்றது.

மலாயாவில் அவசரகாலம் முடியப் போகிறது என்று வெளியே பேச்சு. ராசா ஊர்ப் பக்கம் காட்டை ஒட்டிக் கிடந்த அந்த ரப்பர் தோட்டத்தில் மட்டும் கெடுபிடி தளரவில்லை. தொழிலாளிகளின் லயத்து வீடுகளில் அடுப்பு எரியக் கூடாது. தோட்டத்துக்கே ஒரு பொதுச் சமையலறை. ஆக்கியதை அங்கேயே தின்று தீர்க்க வேண்டும். ஒரு கவளம் ஒதுக்கி வைத்தாலும் காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு என்றுதான் கணக்கு. சமையற்காரன் கம்பி எண்ண வேண்டியதுதான்.

போலீஸ் கார்ப்பரல் தங்கராஜு கொட்டாங்கச்சியை மோந்து பார்த்தார். "யாருக்குடா இது?"

சமையற்காரன் காளியண்ணன் கரண்டியும் கையுமாக நின்றான்.

"அவன் எங்கே சொல்லுவான்?" தாயம்மா விடவில்லை. "எங்க தட்டுலே குழம்பு குளத்துத் தண்ணியாட்டம் ஓடுது. அந்தக் கலாவதி தட்டுலே மட்டும் எண்ணெய் மினுங்குது. மிச்சம் காட்டுக்குப் போகுதா, எங்கே போகுதுன்னு கேளுங்க!"

மூலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கலாவதி எழுந்து வந்தாள். கல்யாணம் ஆகாத பெண். எல்லார் முன்னாலும் ரவிக்கைக் கையை மேலே தள்ளினாள். வட்டம் வட்டமாகப் படை. பாதி ஆறிக் கறுத்திருந்தது.

"எனக்குத்தான் ஐயா. மாத்திரையோட சாப்பிடணும். டிரெசரையாவைக் கேளுங்க."

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் காப்ரியலை ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள்.

"புது மாத்திரை கார்ப்பரல். படையை உள்ளேயிருந்து கொல்லும். ஆனா தண்ணியிலே கரையாது. வெறுங்கஞ்சியோட போட்டா வந்த வழியே போயிரும். கொழுப்போட போனாத்தான் ரத்தத்திலே சேரும். இன்னும் நைசா அரைச்சிருந்தா இவ்வளவு எண்ணெய் கேக்காது. நமக்கு வந்தது குருணை. நான்தான் காளியண்ணன்கிட்டே சொல்லி வெச்சேன்."

"படைக்குக் கருவாட்டு எண்ணெயா? நல்லாருக்கு லா உங்க வைத்தியம்!" என்றாள் தாயம்மா.

அது பொய் என்று அவளுக்கு நிச்சயம். அவள் இடுப்பிலும் படை இருந்தது. அதே மாத்திரையைத்தான் அவளும் விழுங்குகிறாள், ஆஸ்பத்திரிப் பின்வாசலில் வாங்கி. மகளைப் பெண் கேட்டு வந்திருந்த நேரம். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று காப்ரியலிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். எண்ணெய் சேர்த்துக்கொள் என்று அவளிடமும்தான் அவர் சொன்னார். அவள் கேட்கவில்லை. படை என்றால் பத்தியம் இருக்க வேண்டாமா? எண்ணெயை விலக்கிவிட்டுத்தான் குழம்பு ஊற்றச் சொல்வாள். படை மறைந்து தழும்புதான் மிச்சம். எண்ணெய் இல்லாமலே!

இதை வாய்விட்டுச் சொன்னால் பொய் சொல்லும் மூவரும் அங்கேயே மாட்டிக்கொள்வார்கள். ஆனால் சொன்னால் அவள் இடுப்புப் படையும் சேர்ந்து வெளியே வரும்.

கார்ப்பரல் கொட்டாங்கச்சியை ஆட்டிப் பார்த்தார். "ஒரு பொண்ணுக்கு இவ்வளவு எண்ணெயா? பாதி எவனுக்கு?"

காப்ரியல் தரையைப் பார்த்தார். காளியண்ணன் கரண்டியைக் கீழே வைத்தான்.

"அந்தப் பொண்ணுக்கு மட்டும்தான் ஐயா."

"அப்படியா? லோரியிலே ஏறு. மிச்சத்தை ஸ்டேஷன்லே வந்து சொல்லு."

கலாவதி குறுக்கே வந்து நின்றாள். "எல்லாம் எனக்குத்தான்னு சொல்றேன்லே?"

"அப்பக் குடி. என் கண்ணு முன்னாலே."

அவள் மடியிலிருந்த மாத்திரையை எடுத்து வாயில் போட்டாள். கொட்டாங்கச்சியைத் தூக்கினாள். மிளகாய்க் காரம். பாதியில் புரையேறியது, கண்ணிலும் மூக்கிலும் ஒழுகியது. ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு மிச்சத்தையும் குடித்தாள். கவிழ்த்துக் காட்டினாள்.

கார்ப்பரல் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியேறினார். கலாவதி வாயைப் பொத்திக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள்.

"என்னா நடிப்பு!" தாயம்மா தட்டை நீட்டினாள். "எனக்கு எண்ணெயை விலக்கி ஊத்து."

காளியண்ணன் சோற்றைப் போட்டான். குழம்பை ஊற்றினான். பிறகு அவள் காதுக்கு மட்டும் கேட்கும்படி குனிந்தான்.

"இன்னிக்கு மாத்திரை போடாதே அக்கா, வீணாப் போயிரும். டிரெசரையா சொல்லி நெதமும் உன் சோத்துக்கு அடியிலே நான் ஊத்துற பங்கையும் சேத்துத்தான் அந்தப் பொண்ணு குடிச்சிருக்கு. யாரு பங்குன்னு தெரிஞ்சேதான் குடிச்சுது."