640 கிராம் கொடுவா

பையைப் பிரித்தபோது மீனின் வயிறு ஏற்கெனவே திறந்திருந்தது.

உள்ளே ஒன்றும் இல்லை.

இன்னொரு முறை பார்த்தேன். குடல் இல்லை. ஈரல் இல்லை. காற்றுப்பை இல்லை. செவுளைப் பிய்த்து எடுத்திருந்தது. செதிலைச் சுரண்டியிருந்தது. துடுப்புகளைக்கூட ஒட்ட நறுக்கி, நன்றாகக் கழுவியும் இருந்தது.

"ஸ்டார்ட்," என்றார் ரக்ஷனா மிஸ். எங்களுக்கு மீனியல் பாடம் எடுப்பவரும் அவர்தான், தேர்வைத் திருத்துபவரும் அவர்தான்.

கிளமெண்டி மாலை வகுப்பின் செய்முறைத் தேர்வு. ஆளுக்கொரு எலும்பு மீனைக் கொண்டுவந்து, அறுத்து, உறுப்புகளை அடையாளம் காட்டிப் பத்துக் கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். மாற்று மீன் தரப்படாது என்று கதவில் ஒட்டியிருக்கிறார்கள்.

எனக்கு இது இரண்டாவது முறை. மூன்றாவது முறை கிடையாது.

தேறினால், சுவா சூ காங்கில் நான் வேலை பார்க்கும் அலங்கார மீன் பண்ணையில் இனப்பெருக்கப் பிரிவுக்கு மாற்றுவார்கள். தேறாவிட்டால் மீன் பைகளில் லேபிள் ஒட்டிக்கொண்டிருப்பேன். மூன்று வருடமாக அதைத்தான் செய்கிறேன்.

தவறு எங்கே நடந்தது என்று வரிசையாக யோசித்தேன்.

காலை ஏழு மணி, தேக்கா சந்தை. போன முறையும் கொடுவாதான் எடுத்தேன். எதையும் மாற்ற வேண்டாம் என்று இந்த முறையும் அதையே எடுத்தேன். மீன்கடை வேலாயுதம் அண்ணன் தராசில் வைத்தார். 640 கிராம். குறித்துக்கொண்டேன்.

"ஆய வேணாம்ணே. குடல் எல்லாம் அப்படியே இருக்கணும், எக்ஸாமுக்கு."

"கேட்டுச்சும்மா. கூட்டமா இருக்கு, நீ போய் ஒரு கோப்பி குடிச்சிட்டு வா லா."

நான் போய்க் கோப்பி குடித்தேன். அதுதான் தவறு. இருபது வருடமாக எங்கள் வீட்டு மீனை ஆய்ந்து தரும் கை அது. நான் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கும். கைக்குப் போயிருக்காது.

பகல் முழுவதும் மீன் பண்ணையின் பேன்ட்ரி குளிர்பெட்டியில், மூன்று பைகளுக்குள், என் பெயர் லேபிளோடு இருந்தது. மற்றவர்கள் சாப்பாடு வைக்கும் இடம் என்பதால் நான் அதைத் திறந்து பார்க்கவில்லை.

பக்கத்து மேசையிலிருந்து நிதீஷ் எட்டிப் பார்த்தான்.

"முனீரா, இது எக்ஸாம் மீனா, சம்பல் தடவிப் பொரிக்கிற மீனா?"

எழுத ஆரம்பித்தேன்.

தாடை இருக்கிறது, ஆகவே தாடையற்ற மீன் வகை இல்லை. முதுகெலும்பு கெட்டி, ஆகவே சுறாவும் திருக்கையும் சேர்ந்த குருத்தெலும்பு மீன் வகை இல்லை. நறுக்கிய துடுப்பின் அடியில் முட்கள் வரிசையாகத் தெரிந்தன. கதிர்த்துடுப்பு மீன் என்று எழுதினேன். கருவுறுதல், உடலுக்கு வெளியே, நீரில். காற்றுப்பையைக் காட்டச் சொன்ன இடத்தில், முதுகெலும்புக்குக் கீழே ஒரு குண்டூசி குத்தி, 'இங்கே இருந்தது' என்று சீட்டு வைத்தேன். உறுப்பு போனாலும் இடம் போகவில்லை.

ஒன்பது கேள்விகள் முடிந்தன.

பத்தாவது: ஆணா, பெண்ணா? காரணம் தருக.

மீன் இருந்த பையின் அடியில் இன்னொரு சின்னப் பை கிடந்தது. ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. அதற்குள் இரண்டு மடல் சினை. மஞ்சளாக, கனமாக.

என் உம்மாவுக்குச் சினை என்றால் உயிர். வேலாயுதம் அண்ணனுக்கு அது தெரியும். மீனுக்குள் சினை இருந்தால் தனியே கட்டிப் போடுவார். இல்லாவிட்டால் வேறு மீனிலிருந்து எடுத்துப் போடுவார். காசு வாங்க மாட்டார்.

இது எந்த மீனுடையது என்று பையில் எழுதவில்லை.

கொடுவா முதலில் ஆணாகத்தான் இருக்கும். சில வருடம் வளர்ந்து, சில கிலோ ஏறிய பிறகே பெண்ணாக மாறும். 640 கிராம் கொடுவாவுக்குச் சினை வராது. என் குறிப்பேட்டில் இப்படித்தான் இருக்கிறது.

ஆனால் குறிப்பேட்டில் இருப்பது என் கையெழுத்து. மிஸ் வேறு மீனைப் பற்றிச் சொன்னதை நான் கொடுவாவுக்குக் கீழே எழுதியிருக்கலாம். சினையோ கண்முன்னே இருக்கிறது.

"சினை இருக்கா? அப்ப பொம்பளை மீன். ஈஸி லா உனக்கு," என்று முணுமுணுத்தான் நிதீஷ்.

பேனாவை எடுத்தேன். வைத்தேன். எடுத்தேன்.

'ஆண்' என்று எழுதினேன். காரணம்: எடை.

எழுதி முடித்த உடனே அது தவறு என்று தோன்றியது.

ரக்ஷனா மிஸ் என் மேசைக்கு வந்தார். காலி வயிற்றைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். கடைசி விடையைப் படித்தார். கையுறை விரலால் சின்னப் பையைத் தள்ளினார்.

"அப்ப இது?"

"அது எங்க உம்மாவுக்கு, மிஸ்."

அவர் சிரிக்கவில்லை.

"போன தடவையும் இந்தக் கேள்விக்கு முதல்ல ஆண்னுதான் எழுதியிருந்தீங்க," என்றார். "அப்புறம் ஸ்கேல் வச்சு நேரா அடிச்சிட்டு, பெண்னு எழுதினீங்க."

அந்தக் கேள்விக்கு நான்கு மதிப்பெண். போன முறை மூன்று மதிப்பெண்ணில்தான் தேறாமல் போனேன்.

தேர்வு முடிய இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது.

மிஸ் என் விரல்களுக்கிடையில் இருந்த பேனாவை உருவி, தன் கோட்டுப் பையில் செருகிக்கொண்டு, நிதீஷின் மேசைக்குப் போனார்.