ஆபீஸ் பாட்டில்

ஆய்வக அறிக்கையை மேஜைமேல் விட்டெறிந்தார் என்ஜினியர் எழில்மதி.

"இன்னா இருசப்பன் இது? தண்ணியில மலக்கிருமி ஜாஸ்தின்னு எழுதியிருக்காங்க. போன மாசம்கூட நல்லாத்தானே இருந்துச்சு?"

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆபரேட்டர் இருசப்பன் தலையைச் சொறிந்தான்.

"கல்வராயன் மலையில மழைங்க மேடம். அதான் கலங்கலா..."

"கலங்கலா? கண்ணாடி மாதிரி இருந்துச்சாம். நம்ம நிலையத்துல இருந்து வெளிய போற குழாயிலதானே பாட்டில்ல புடிச்சீங்க?"

"ஆமாங்க."

"மோட்டார் ஒழுங்கா ஓடிக்கினு இருக்கா?"

"ஓடுதுங்க."

கழிவுநீருக்குள் காற்று ஊதும் அந்த மோட்டாரை அவன் தன் ஷிப்டில் நிறுத்தி வைத்து ஆறு மாதம் ஆகிறது. அது போடும் சத்தத்தில் பகலில் கண்ணயர முடியாது.

"இந்தத் தண்ணிதான் ஓடையில போயி, கீழ இருக்கிற ஊர்க் கெணத்துல எல்லாம் ஊறுது. சின்னப் பசங்க குடிக்கிறாங்க. கொஞ்சமாவது வெக்கமா இல்ல?"

தலை குனிந்தபடியே வெளியே வந்தான். செல்போன் அடித்தது. மனைவி சாலம்மாள்.

"சின்னவளுக்கு மறுபடியும் வயித்தால போவுதுய்யா. உப்பும் சக்கரையும் கரைச்சுக் குடுத்துக்கினு இருக்கேன்."

இருசப்பன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"எந்தத் தண்ணியில?"

"நம்ம வூட்டுக் கெணத்துத் தண்ணியிலதான்."

"வேணாம், அத கீழ ஊத்து!"

"ஏன்யா? சுத்தமான தண்ணின்னுதானே, ஆபீஸ் பாட்டில்ல மாசாமாசம் அதையே ரொப்பிக்கினு போற?"