திரையில் கண்ணுச்சாமி நகர்

“அறுபது வீட்டுக்கும் அடிப்பக்கத்தை உருவிருடா. எவன் குனிஞ்சு பாக்கப்போறான்?” என்றான் தொழில் கூட்டாளி வெங்கடேஷ்பாபு.

உமேஷ் உருவினான். அதுவரை முக்கிக்கொண்டிருந்த கம்ப்யூட்டருக்கு உயிர் வந்தது. பெட்டிமேல் பெட்டியாய் அடுக்கி ஒரே ஒரு வீடு செய்து, அதையே திருப்பி வைத்து, பெயின்டை மாற்றி அவன் கட்டிய கண்ணுச்சாமி நகர் திரையில் வழுக்கிக்கொண்டு ஓடியது. 2003-இல், ஆரப்பாளையத்து மாடி அறையில், அதுவே பெரிய சாதனை.

நிஜமான கண்ணுச்சாமி நகர் உசிலம்பட்டி ரோட்டில் இருந்தது. ஆடியில் சோளக்காடாகக் கிடந்த இடத்தில் தீபாவளிக்குள் பாதி வீடுகளை எழுப்பிவிட்டார் அதன் முதலாளி கண்ணுச்சாமி. முதல் வீட்டில் உமேஷின் அக்கா இந்துப்ரியா போன வாரம்தான் பால் காய்ச்சிக் குடியேறியிருந்தாள். வீடு மாமா பேரில் இருந்ததால் கண்ணுச்சாமிக்கு உறவு தெரியாது. சொன்னால் சலுகை கேட்பதாக நினைப்பாரோ என்று உமேஷும் வாயைத் திறக்கவில்லை.

மிச்ச வீடுகளை விற்கத்தான் இந்தப் படம். அவருக்குப் பிடித்துவிட்டால் இனி அவர் போடும் நகரெல்லாம் இவர்களுக்குத்தான். பிடிக்காவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

கண்ணுச்சாமி வந்தார். வீதி வீதியாகப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“நகரு தம்பி, நான் ஓட்டுறேன்.”

“வேணாம்ணே, நானே காட்டுறேன்...”

“லாரியே ஓட்டுனவன்யா நான்!”

மவுஸை ஒரு இழு இழுத்தார். பார்வை தரையைத் துளைத்துக்கொண்டு கீழே போய் நின்றது. தலைக்கு மேலே அறுபது வீடுகளும் உள்ளே ஒன்றுமில்லாமல், கவிழ்த்த தீப்பெட்டிகளாய்த் தொங்கின.

வெங்கடேஷ்பாபு, “டீ சொல்லிட்டு வாரேன்” என்று நைசாக நழுவிவிட்டான். பாவி!

“என்ன தம்பி, கீழ ஒண்ணுமே இல்ல?”

“அண்ணே... கோவிச்சுக்காதீங்க. கண்ணுக்குத் தெரியாத பக்கத்தை எடுத்துட்டா வேலை சீக்கிரம் முடியும், வேகமாவும் ஓடும். வாங்குறவங்க மேலதான் பாப்பாங்க. ஏமாத்தணும்னு செய்யலண்ணே. நாளைக்கே எல்லாத்தையும் போட்டுத் தந்துர்றேன்.”

கண்ணுச்சாமி திரையையே வெறித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

போச்சு, எல்லாம் போச்சு என்று உமேஷ் கண்ணை மூடிக்கொண்டான்.

தோளில் பொத்தென்று ஒரு கை விழுந்தது. கூடவே சிரிப்பு. அப்பாடா! உமேஷுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவர் அவன் காதருகே குனிந்தார்.

“இதுக்கா இம்புட்டுப் பயம்? நான் கட்டுன வீட்டுக்கும் கீழ ஒண்ணுமில்ல தம்பி!”