மேல் பலகை

"மேடத்துக்குக் கீழே சூடு பத்தலையாம். மேல் பலகைக்குப் போகணுமாம்."

துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்த பக்கத்து வீட்டு மைரே முகத்தைச் சுளித்தாள். நான் உடை மாற்றும் அறையில் கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே, எங்கள் ஊர்ப் பொது சவுனாவில், சினிமா எடுத்துக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமைதோறும் நாங்கள் படி மாதிரி அடுக்கின பலகைகளில் ஏறி, ஆவியில் உட்கார்ந்து வேர்த்துக் குளிக்கிற அதே அறை; மேலே போகப் போகச் சூடு ஏறும். கதாநாயகி, ஹெல்சிங்கியிலிருந்து வந்த சனேல்மா. கூட உட்கார ஊர்ப் பெண்கள், எப்போதும் போலவே ஒட்டுத்துணி இல்லாமல்.

அதில் என் அண்ணி இர்யாவும் ஒருத்தி. சவுனா அடுப்புக்கு விறகு வைத்துப் பற்றவைப்பதும் அவள்தான். போன வருஷம் புற்றுநோய்க்காக ஒரு மார்பை எடுத்துவிட்டார்கள். சவுனாவில் நாங்கள் யாரும் அதைப் பெரிதாகப் பார்த்ததில்லை.

"சினிமாவுல வர்ற பொம்பளைங்களுக்கெல்லாம் ஒரே அச்சுல வார்த்த உடம்பு. என்னை மாதிரி ஒருத்தியும் ஒரு தடவை வரட்டுமே" என்று ஆசையாகப் பேர் கொடுத்திருந்தாள்.

ஆனால் வந்ததுமே உதவி இயக்குநர் ஆட்களைப் பிரித்துவிட்டார். ஒல்லியான இளசுகள் கீழ்ப் பலகையில், கதாநாயகி பக்கத்தில். வயிறு சரிந்தவர்கள், வயதானவர்கள், அண்ணி எல்லாரும் மேல் பலகையில், ஆவிக்குப் பின்னால். நிழல் மாதிரித் தெரிந்தால் போதுமாம்.

அண்ணியும் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது கதாநாயகியும் மேலே ஏறியதால் விளக்கு, கேமரா எல்லாவற்றையும் இடம் மாற்ற வேண்டியதாயிற்று. இயக்குநர் கெஞ்சிப் பார்த்தார். குளிரில் நடிப்பு வராது என்று அவள் பிடித்த பிடியில் நின்றாள். எல்லாருடைய சாப்பாடும் ஆறிப்போனது.

"பட்டணத்து உடம்பு, துளிக் குளிர் தாங்காது" என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன். சூப் குடிக்க வந்த அண்ணி மட்டும் சிரித்துக்கொண்டே கிண்ணத்தை நீட்டினாள்.

பனி உருகியதும் ஊர் மண்டபத்தில் படத்தைப் போட்டார்கள். சவுனா காட்சி வந்தது.

கதாநாயகி இருக்கிற இடத்துக்குத்தானே கேமரா வரும். திரை முழுக்க மேல் பலகை. சரிந்த வயிறு, சுருங்கின தோல், நரைத்த கூந்தல். நடுவில், சனேல்மாவின் தோளோடு தோள் உரச, அண்ணி. தழும்பு பளிச்சென்று தெரிய, எதற்கோ விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

முன்வரிசையில் அண்ணியின் மகள் பக்கத்துப் பெண்ணிடம், "அது எங்கம்மா" என்று சொன்னது எங்கள் காதில் விழுந்தது.

"நல்லவேளை அண்ணி, கீழே சூடு பத்தலை. இல்லேன்னா அந்தம்மா உங்க பக்கமே வந்திருக்காது" என்றேன் மெதுவாக.

அண்ணி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கேமரா கண்ணாடியில ஆவி படியும், வேண்டாம்னுட்டாங்க. அன்னைக்கு நான் அடுப்பையே பத்த வைக்கலடி. நீ பார்க்கிறது மெஷின் விட்ட புகை. மேலேயும் கீழேயும் ஒரே குளிர்தான்."