பெயின்டுக்கு அடியில் ஓர் எண்

மெக்கானிக் முஸ்தபா பரிமளாவின் பழைய பைக்கின் ஹேண்டில் கழுத்தை உப்புத்தாளால் தேய்க்கிறார். துருவை மறைக்க ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அவளே பூசிய கறுப்புப் பெயின்ட் அடுக்கடுக்காய் உதிர்கிறது. அடியிலுள்ள சேசிஸ் எண்ணைத் துரு தின்றிருந்தால் வண்டிக்கு மறுபதிவு கிடையாது; காவாந்தண்டலத்திலிருந்து வேலைக்கு நடைதான். முஸ்தபா அந்த இடத்தில் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் மெல்ல உரசுகிறார். சாம்பல் நிறத்தில் எண்கள் ஒவ்வொன்றாய் எழுந்து வருகின்றன. பரிமளா ஆர்சி புத்தகத்தில் விரலை நகர்த்தியபடி மூச்சைப் பிடித்துக் குனிந்திருக்கிறாள். “கடைசி நம்பர் இன்னா பாய்?” “ஏழு.” அவள் விரலுக்கடியிலும் ஏழு. “தங்கச்சி, இன்னொரு தபா பெயின்ட் டப்பாவத் தொட்டா பாத்துக்கோ!” என்கிறார் முஸ்தபா. “இனிமே அங்க பொட்டுகூட வெக்கமாட்டேன் பாய்!” அவள் விட்ட மூச்சில் தாள் படபடக்கிறது.