மூன்றாம் படி

நகரத்தின் நட்டநடுவே ஒரு குட்டித் தெரு. இந்த முனையில் தும்மினால் அந்த முனையில் 'நூறு' என்று வாழ்த்துவார்கள், அவ்வளவுதான் நீளம். அங்கே ஒரு பழைய வீட்டுக்கு மூன்று கல் படிகள்.

தேர்தலுக்குத் தேர்தல் அந்தத் தெருவுக்கு ரோடு போடுவார்கள். பழையதைச் சுரண்ட மாட்டார்கள். அதன் தலைமேலேயே புதுத் தார். முதல் தடவை அடிப்படி புதைந்தது. "பாவம்" என்றது நடுப்படி. அடுத்த தடவை அதுவும் புதைந்தது. "பாவம்" என்ற மூன்றாம் படிக்கு உள்ளூரக் குஷி. வருகிறவர்கள் இனி அதன் பக்கத்தில்தானே செருப்பைக் கழற்றுவார்கள்.

ஒரு மத்தியானம் ரோட்டுக்கு அடியிலிருந்து அடிப்படியின் குரல் கேட்டது.

"எப்படி இருக்கே?"

மூன்றாம் படி திடுக்கிட்டது. "நீ இன்னும் இருக்கியா?"

"இருக்கேன். இங்கே ஒரே கூட்டம். இந்த வீட்டிலேருந்து இறங்கிப் போய்த் திரும்பாதவங்க எல்லாரும் வந்துட்டாங்க. வெள்ளத்தன்னிக்குப் பால் வாங்கப் போன ஆராவமுதுகூட வந்திருக்கார்."

"என்ன பண்றாங்க?"

"வீட்டுக்கு ஏறப் பாக்கறாங்க. ரெண்டு படி ஏறினதும் நின்னுடறாங்க. மூணாவது எங்கேன்னு கேக்கறாங்க."

"நீ என்ன சொன்னே?"

"சீக்கிரம் வந்துடும்னு சொன்னேன்."

அப்போதே தெருமுனையில் தார் காயும் வாசனை. தேர்தல் நெருங்கியிருந்தது. "பாவம்" என்றது மேலேயிருந்த வாசல் நிலைப்படி. குரலில் குஷி தெரிந்தது.

சாயங்காலத்துக்குள் மூன்றாம் படியைத் தார் மூடிவிட்டது. சூடு ஆறியதும், தாருக்கு அடியில் ஈரமான வெறுங்கால் ஒன்று மெல்ல அதன்மேல் ஏறி நின்றது. இனி ஏற நிலைப்படி ஒன்றுதான் பாக்கி.