இரண்டு மணி நாற்பது நிமிடம்

விமானம் ஒரு மணி நேரம் தாமதம் என்று அறிவித்தார்கள்.

லிஃப்ட் மெக்கானிக் நான்காவது முறையாக எழுந்து கண்ணாடிச் சுவரருகே போனான்.

வெளியே உச்சி வெயிலில் விமானம் நின்றது. அதன் வயிற்றுக் கதவு திறந்திருந்தது. சாமான் வண்டிகள் வந்தன, காலியாகித் திரும்பின. ஒவ்வொரு வண்டியையும் அவன் கண்ணாலேயே துழாவினான்.

உட்கார்ந்தால் கால் ஆடியது. நின்றால் கை சட்டைப்பைக்குப் போய் ரசீதைத் தொட்டுப் பார்த்தது.

பக்கத்து இருக்கைப் பெரியவருக்கே பொறுக்கவில்லை. “பெட்டியில ஏதாவது உடையற சாமானா தம்பி?”

“இல்லைங்க.”

“அப்புறம் என்ன, வந்து உக்காருங்க. நீங்க பாக்கலைன்னா ஏத்தாம விட்டுருவாங்களா?”

விட்டுவிடுவார்கள். எடை கூடினால் சிலதை அடுத்த விமானத்துக்குத் தள்ளிவிடுவோம் என்று சரக்குப் பிரிவில் ஒருவர் காலையில் போகிறபோக்கில் சொல்லியிருந்தார். அடுத்த விமானம் நாளைக்குத்தான்.

போன் அடித்தது. எண் அண்ணியுடையது. பேசியது அண்ணன் மகள்.

“சித்தப்பா, நான் தேடிப் பாத்தேன். ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டராம். ரெண்டு மணி நாப்பது நிமிஷத்துல வந்துரலாமாம். ரயில்ல ஒன்றரை நாள் ஆகும்ல?”

“ஆமாடா கண்ணு.”

ஏழு வருஷமாக அண்ணனும் அவனும் அந்த ஒன்றரை நாளை ரயிலில்தான் கழித்திருக்கிறார்கள். ஒரு தடவையாவது பறந்து போய் மகள் முன்னால் இறங்கிவிட வேண்டும் என்று ஒவ்வொரு லீவுக்கும் அண்ணன் சொல்வார். டிக்கெட் போட உட்காரும்போது மனசு மாறிவிடும்.

லிஃப்ட் மாட்டும் இடத்தில் கீழே விழுந்துவிட்டார், கூட்டிக்கொண்டு வருகிறேன். அண்ணியிடம் முந்தாநாள் அவன் சொன்னது இவ்வளவுதான். அண்ணி அழவில்லை, எதுவும் கேட்கவும் இல்லை. அதன்பிறகு ஒவ்வொரு முறையும் போனை மகளிடம் கொடுத்துவிடுகிறார். மகளிடம் அவன், மருந்து மயக்கத்தில் அப்பா தூங்குகிறார் என்று சொல்லிவருகிறான்.

“சித்தப்பா, அப்பாவை ஜன்னல் பக்கம் உக்கார வைங்க. முழிச்சா மேகம் தெரியும்.”

அவன் நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டான். கடைசி வண்டி வந்துகொண்டிருந்தது.

“ஏத்திட்டாங்களா அப்பாவை?”

வண்டியில் ஒரே ஒரு நீளப் பெட்டி. பலகை மேல் சாக்கு சுற்றித் தைத்திருந்தார்கள். ஒரு முனையில் ‘தலைப்பக்கம்’ என்று சிவப்பு மையில் இருக்கும். இந்தத் தூரத்துக்கு எழுத்து தெரியவில்லை. காலையில் அதை எழுதும்போது அவன் பக்கத்திலேயே நின்றிருந்தான்.

நான்கு பேர் பிடித்துத் தூக்கி, மேலே ஏற்றும் பட்டையில் வைத்தார்கள். ஒருவர் கோணலாகக் கிடந்ததை நேராக்கினார். பட்டை மெல்ல நகர ஆரம்பித்தது.

“சித்தப்பா, கேக்குதா?”

பெட்டி முழுசாக உள்ளே போகும்வரை அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இப்பதான் ஏத்தினாங்க, கண்ணு. கிளம்பிருவோம்.”